கடைசி மூணு மாசம்

(நெய்வேலி நகரியத்தில் மாணவர்களும் தோழர்களும் கூடிய ஒரு கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்னைக்கு நான் பேசப்போவது புள்ளத்தாச்சிப் பொம்பளையின் கடைசி மூணு மாசத்தைப் பற்றி. 'டாக்டரம்மா பேசவேண்டிய விஷயமாச்சே, இயக்க மேடையில எதுக்கு?' என்று உங்களில் சிலர் நினைக்கலாம். யார் வயித்துக்கு ஓய்வு, யார் வயித்துக்கு வேலை என்று இங்கே பிரித்துவைத்திருக்கிறார்களே, அது அரசியல் இல்லாமல் வேறென்ன?

'சேரிப் பொம்பளைக்கு என்ன, உழைக்கிற உடம்பு, வரப்புல குந்துனா புள்ள வந்துரும்' என்று ஊரில் சொல்வார்கள். கேட்பதற்குப் பாராட்டு மாதிரி இருக்கும். ஓய்வு கொடுக்காமலிருக்க ஆண்டைகள் கண்டுபிடித்த சாக்கு அது. அதை நம்ம ஆளுங்களே பெருமையாகத் திருப்பிச் சொல்வதுதான் கொடுமை.

28ஆவது வாரத்திலிருந்து உள்ளே என்ன நடக்கிறது? அப்போது குழந்தை ஏறக்குறைய ஒரு கிலோ இருக்கும். கண்ணைத் திறந்து மூடும், சத்தம் கேட்டால் அசையும். அடுத்த பன்னிரண்டு வாரத்தில் அது மூணு கிலோவை நெருங்கவேண்டும். தோலுக்கடியில் கொழுப்பு சேர்வது, நுரையீரல் தானாக மூச்சுவிடத் தயாராவது, பெரும்பாலும் தலை கீழே திரும்புவது எல்லாம் இந்த நாட்களில்தான். 35ஆவது வாரத்தில் மூளையின் எடை, நாள் நிறைந்த குழந்தையின் மூளை எடையில் மூணில் ரெண்டு பங்குதான். மிச்ச ஒரு பங்கு கடைசி அஞ்சு வாரத்தில் வளர்கிறது. குறைமாசத்தில் பிறப்பது என்றால் இதெல்லாம் பாதியில் நிற்பது என்று அர்த்தம்.

தாய்க்கு? உடம்பில் ஓடும் ரத்தத்தின் அளவு பாதிக்குப் பாதி கூடிவிடுகிறது. அவ்வளவையும் அதே இதயம்தான் இறைக்கவேண்டும். கர்ப்பப்பை மேலேறி நெஞ்சுக்குக் கீழே முட்டுவதால் நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். இடுப்பு மூட்டுகள் தளர்ந்து முதுகு வலிக்கும், கால் வீங்கும், ராத்திரியில் அஞ்சாறு தரம் எழுந்து போகவேண்டும். அப்பப்போ பொய்வலி வரும். மாடிவீட்டுப் பெண்ணுக்கும் சேரிப் பெண்ணுக்கும் இதில் ஒரு நூல்கூட வித்தியாசம் கிடையாது.

நான் வங்கியில் கணக்கு எழுதுகிறவள். அந்த பாஷையிலேயே ஒன்று சொல்கிறேன். பிறந்தபிறகு முதல் சில மாசம் குழந்தை செலவழிக்கும் இரும்புச்சத்தில் பெரும்பகுதி இந்தக் கடைசி மூணு மாசத்தில்தான் தாயிடமிருந்து வரவாகிறது. ஹீமோகுளோபின் 11க்குக் கீழே போனால் ரத்தசோகை என்கிறார்கள். தாயின் கணக்கிலேயே இருப்பு இல்லையென்றால் குழந்தை எதை எடுக்கும்? கஞ்சியைக் குடித்துவிட்டு வெயிலில் மண் சுமப்பவளிடம் 'நல்லா சாப்பிடும்மா' என்று சொல்லி அனுப்பினால் போதுமா?

வெயில் என்றதும் நெய்வேலிக்காரர்களுக்கு விளக்கம் வேண்டாம். தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்து, சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள் 2024இல் முடிவை வெளியிட்டார்கள். கடும் வெப்பத்தில் வேலை செய்யும் பெண்களுக்குக் கரு கலைவது, குழந்தை இறந்து பிறப்பது போன்ற ஆபத்து இரண்டு மடங்கு என்கிறது அது. 'உழைக்கிற உடம்பு தாங்கும்' என்ற பேச்சுக்கு இதைவிட என்ன பதில் வேண்டும்?

பாபாசாகேப் இதை எப்போதோ பேசிவிட்டார். 1928 ஜூலையில் பம்பாய் சட்டமன்றத்தில் பேறுகால உதவி மசோதா வந்தபோது ஆதரித்துப் பேசினார். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டுக்கே நல்லது என்று வாதாடினார். 1943இல் வைசிராய் நிர்வாகக் குழுவின் தொழிலாளர் உறுப்பினராக இருந்து, சுரங்கப் பெண்களுக்கான பேறுகாலச் சட்டத்துக்குத் திருத்தம் கொண்டுவந்தார். சுரங்க ஊரில் இருக்கிற நமக்கு அவர் சிலை தெரியும். இந்தச் சட்டம் எத்தனை பேருக்குத் தெரியும்?

1961ஆம் ஆண்டு பேறுகாலச் சட்டம் இன்னும் தெளிவாகச் சொன்னது. குறித்த தேதிக்கு முந்தின ஆறு வாரம், அதற்கும் முந்தின ஒரு மாசம். அந்த மாசத்தில் அவள் கேட்டுக்கொண்டால் கடினமான வேலையோ நெடுநேரம் நிற்கிற வேலையோ தரக்கூடாது. கணக்குப் பாருங்கள், ஏறக்குறைய முழுசா அந்தக் கடைசிக் காலம்தான். 2017இல் சம்பளத்தோடு விடுப்பு 26 வாரமானது. அதில் 8 வாரத்தைப் பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். இரண்டு குழந்தை இருப்பவளுக்கு 12 வாரம்தான். முந்தின 12 மாசத்தில் 80 நாள் வேலை செய்திருக்கவேண்டும். 2020ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பிலும் இந்த 80 நாளும் 26 வாரமும் இருக்கின்றன. தினக்கூலிப் பெண்களுக்கும் இந்த உரிமை உண்டு என்று டெல்லி மாநகராட்சி வழக்கில் 2000 மார்ச் 8 அன்று உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது.

அந்த 80 நாளில்தான் சூட்சுமம் இருக்கிறது. பெயர் பதிவேட்டில் இல்லையென்றால் 80 நாளை எப்படி நிரூபிப்பாள்? ஒப்பந்தக்காரர் மாறினால், இடையில் வேலையை நிறுத்தி மறுபடி எடுத்தால், கணக்கு யாரிடம்? எனக்கு ஆறு மாசம் சம்பளத்தோடு லீவு கிடைத்தது. நான் வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த அதே ஒன்பதாம் மாசத்தில், பண்ருட்டிப் பக்கம் என் சித்தி மகள் வவுறு தொடையில் முட்டக் குந்தி முந்திரி உடைத்துக்கொண்டிருந்தாள். கிலோ கணக்கில் கூலி, உடைக்காத நாளுக்குக் காசில்லை. எனக்கு இடஒதுக்கீட்டில் ஒரு நாற்காலி கிடைத்தது, அவளுக்குக் கிடைக்கவில்லை. எங்கள் இரண்டு வயிற்றுக்கும் இடையே இருந்த வித்தியாசம் அவ்வளவுதான்.

அரசு கொடுக்கிற முத்துலட்சுமி ரெட்டி உதவி 18,000 ரூபாய். அதில் 14,000 பணம், மிச்சம் ஊட்டச்சத்துப் பெட்டகம். வேண்டியதுதான். ஆனால் ஓய்வு என்பது அந்த மாசக் கூலி கைக்கு வருவது. உதவி வேறு, கூலி வேறு.

மாணவர்களுக்கு ரெண்டு வேலை சொல்கிறேன். உங்கள் தெருவில் கூலிக்குப் போகும் பெண்கள் எந்தத் தேதியில் யாரிடம் வேலை செய்தார்கள் என்று ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். 80 நாளை நாமே எழுதுவோம். ரெண்டாவது, கடைசி மூணு மாசத்தில் முகம் வீங்கினாலோ, விடாத தலைவலியோ கண் மங்கலோ வந்தாலோ, ரத்தம் பட்டாலோ, தண்ணி உடைந்தாலோ, வயித்துல புள்ள அசைவது குறைந்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.

நிலக்கரி எடுக்க 1957இல் இந்த மண்ணைத் தோண்டத் தொடங்கினார்கள். நிலம் போன குடும்பங்களின் பேத்திகள் இன்று ஒப்பந்தக் கூலிகளாக நிற்கிறார்கள். இனி கோரிக்கைப் பட்டியல் எழுதும்போது, போனசுக்கும் பணி நிரந்தரத்துக்கும் பக்கத்தில் இந்தக் கடைசி மூணு மாசத்தையும் எழுதுங்கள். கடைசி வரியாக வேண்டாம், முதல் வரியாக.