சரியான விடைக்குத் தவறு போடலாமா?

(ஆசிரியர்களுக்கான பயிற்சி ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் கணினி அறிவியல் கற்பிக்கிறேன். ஆறாம் வகுப்பு மாணவர்களுக்காக, தமிழ்ச் சொற்பயிற்சி தரும் சிறிய வலைச்செயலி ஒன்றை எங்கள் பள்ளியில் உருவாக்கினோம். மாணவர் படத்தைப் பார்த்துச் சொல்லைத் தட்டச்சு செய்ய வேண்டும். அதில் எத்தனை எழுத்து என்றும் சொல்ல வேண்டும். திருத்தி மதிப்பெண் போடுவது செயலியின் வேலை. அந்த அனுபவத்தில் கிடைத்த நான்கு பாடங்களை இங்கே பகிர்கிறேன்.

இணையப் பக்கங்களை இயங்கவைக்கும் ஜாவாஸ்கிரிப்ட் மொழி 1995இல் உருவானது. அதில் பெரிய செயலிகளை எளிதாகக் கட்ட உதவும் அடித்தளங்களையே ஃபிரேம்வொர்க் என்கிறோம். 2013இல் ரியாக்ட் வெளியானது. 2014இல் வியூ வந்தது. இவற்றின் அடிப்படை ஒன்றுதான்: நாம் தகவலை மாற்றினால் போதும், திரையை அது மாற்றிக்கொள்ளும். நாங்கள் பயன்படுத்தியது ரியாக்ட்.

முதல் பாடம், ஒரு தகவலுக்கு ஒரே இடம். வருகைப் பதிவேடு வகுப்புக்கு ஒன்றுதான். மூன்று நோட்டில் எழுதினால் மூன்றும் மூன்று கணக்குச் சொல்லும். செயலியிலும் அப்படித்தான். மாணவரின் விடைகளை மட்டும் சேமித்தோம். மொத்த மதிப்பெண்ணைத் தனியே சேமிக்காமல், தேவைப்படும்போது விடைகளிலிருந்து கணக்கிட வைத்தோம். ஒரு விடையைத் திருத்தினால் மொத்தமும் தானே மாறிவிடும்.

இரண்டாம் பாடம், வரிசை எண் அடையாளமாகாது. பட்டியலில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் ரியாக்ட் ஓர் அடையாளம் கேட்கும். பலர் 0, 1, 2 என்று வரிசை எண்ணையே கொடுத்துவிடுவார்கள். நடுவில் ஒரு மாணவர் மாற்றுச் சான்றிதழ் வாங்கிச் சென்றால் அவருக்குப் பின்னால் இருப்பவர்கள் ஒரு வரி மேலே நகர்வார்கள். ஆனால் பெட்டிகளில் தட்டச்சு செய்த மதிப்பெண்கள் பழைய வரியிலேயே நின்றுவிடக்கூடும். கவிதாவின் மதிப்பெண் குமாரின் பெயருக்கு எதிரே தெரியும். திரையில் எந்தப் பிழைச் செய்தியும் வராது. எமிஸ் எண் போல, மாணவருக்கே உரிய எண்ணை அடையாளமாகக் கொடுப்பதே இதற்குத் தீர்வு.

மூன்றாம் பாடம்தான் மிக முக்கியமானது. 'தமிழ்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து? மூன்று என்று முதல் வகுப்புக் குழந்தையும் சொல்லும். ஜாவாஸ்கிரிப்டிடம் நீளம் கேட்டால் 5 என்கிறது. 'மி' என்பதை 'ம' ஒன்று, இகரக் குறி ஒன்று எனப் பிரித்து எண்ணுகிறது. 'ழ்' என்பதில் புள்ளியையும் தனியே எண்ணுகிறது. 'அம்மா'வுக்கும் அதன் கணக்கு 5தான். இதை அப்படியே நம்பினால், மூன்று என்று சரியாக எழுதிய குழந்தைக்குச் செயலி தவறு போடும். குறிகளையும் புள்ளியையும் நீக்கிவிட்டு எண்ண வைத்தபோது சரியான விடை கிடைத்தது. புதிய உலாவிகளில் எழுத்துகளைப் பிரித்துத் தரும் 'இன்டில் செக்மென்டர்' என்ற வசதியும் உண்டு. 'க்ஷ' போன்றவற்றை ஓர் எழுத்தாகக் கொள்வதா, இரண்டாகவா என்பதைத் தமிழாசிரியரே முடிவு செய்ய வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. 'கொ' என்ற எழுத்தை யூனிகோடில் இரு வகையாகப் பதிக்கலாம்: ஒகரக் குறி ஒன்றாக, அல்லது ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாக. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கு வேறு வேறு. 'கொடி' என்று சரியாக எழுதிய மாணவருக்கும் 'தவறு' என்று வரலாம். ஒப்பிடும் முன் இரண்டையும் 'நார்மலைஸ்' என்ற கட்டளையால் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும்.

நான்காம் பாடம், நம் மாணவர்களின் கைப்பேசி. வீட்டில் இருப்பது பெரும்பாலும் விலை குறைந்த ஒரே கைப்பேசி. இணைப்பும் விட்டுவிட்டுத்தான் வரும். தேவையற்ற துணை நிரல்களைச் சேர்த்தால் பக்கம் திறக்கவே நேரமாகும். இணைப்பு அறுந்தாலும் எழுதிய விடை போய்விடாதபடி கைப்பேசியிலேயே சேமித்து, இணைப்பு வந்ததும் அனுப்ப வைத்தோம்.

மாணவர்களுக்கு எந்த ஃபிரேம்வொர்க்கைக் கற்றுத்தருவது என்று பலர் கேட்கிறார்கள். 2010இல் வந்து உலகெங்கும் பரவிய ஆங்குலர்ஜேஎஸ்-க்கான அதிகாரப்பூர்வ ஆதரவு 2021 இறுதியில் முடிந்துவிட்டது. ஜாவாஸ்கிரிப்ட் இன்றும் இருக்கிறது. ஆகவே முதலில் மொழியை ஊன்றிக் கற்கட்டும்.

நிரல் எழுதாத ஆசிரியர்களுக்கும் இதில் பெரும் பங்கு உண்டு. எந்தச் செயலியும் உங்கள் வகுப்புக்குள் வரும் முன் மூன்று சோதனை செய்யுங்கள். தமிழ்ச் சொற்களை எண்ணச் சொல்லுங்கள். பட்டியலில் ஒரு பெயரை நீக்கி, மதிப்பெண்கள் உரியவரிடமே இருக்கின்றனவா என்று பாருங்கள். பாதியில் இணைப்பைத் துண்டித்துப் பாருங்கள். இவற்றுக்கு நிரலறிவு தேவையில்லை. சரியாக எழுதிய பிள்ளைக்குத் தவறு போட்டால், அந்தப் பிள்ளை செயலியைச் சந்தேகிக்காது, தன்னைத்தான் சந்தேகிக்கும். அதைத் தடுக்க நம்மால் முடியும்.