விண்ணை நோக்கிய விழிகள்

(ஜமாஅத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

திருமறையின் ஆலு இம்ரான் அத்தியாயம், 190, 191ஆம் வசனங்கள், படைப்பினங்களைக் குறித்துச் சிந்திப்போரைச் சிறப்பித்துப் பேசுகின்றன. அச்சிந்தனைக்கு நம் முன்னோர் விரித்த ஏடு இரவு வானமே. தொழுகை நேரம், கிப்லாவின் திசை, மாதப் பிறை ஆகியவற்றை அறிய அவர்கள் வானை ஆய்ந்தார்கள். ஆய்ந்தவர்கள் அதன் அழகில் வியந்து நின்றார்கள்.

அவர்களுள் ஒருவர் அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபீ. பாரசீகத்தைச் சேர்ந்த இவ்வறிஞர் கி.பி. 964ஆம் ஆண்டளவில் நிலையான விண்மீன்களைப் பற்றி ஒரு நூல் யாத்தார். 48 விண்மீன் கூட்டங்களையும் இரு வகையாக வரைந்து காட்டினார்: தரையிலிருந்து காணும் தோற்றம் ஒன்று, வான்கோள உருண்டையின் மீது அமையும் தோற்றம் மற்றொன்று. ஆண்ட்ரோமெடா கூட்டத்தின் அருகே சிறு மேகம் போன்ற மங்கலான திட்டு ஒன்றையும் குறித்து வைத்தார். தொலைநோக்கி இல்லாத காலத்தில், வெறும் கண்ணால் கண்ட காட்சி அது!

அந்தச் சிறு மேகம் எது என்பதை உலகம் அறிய ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் ஆயின. அதற்குத் துணை நின்றது ஒளிப்படக் கலை.

நம் கண் தன்மீது விழும் ஒளியைச் சேர்த்து வைப்பதில்லை. நொடிக்கும் குறைந்த நேரத்தில் பழையதை விட்டுப் புதியதை ஏற்கிறது. ஒளிப்படத் தகடோ துளித்துளியாய் வரும் ஒளியை மணிக்கணக்கில் சேமிக்கும். ஆனால் பூமி சுழல்வதால், அசையாமல் நிறுத்திய கருவியில் விண்மீன்கள் கோடுகளாக நீண்டுவிடும். எனவே சுழற்சிக்கு ஈடாகக் கருவியையும் மெல்லத் திருப்பிக்கொண்டே இருத்தல் வேண்டும். பொறுமையே இக்கலையின் மூலதனம்.

1840இல் அமெரிக்காவில் ஜான் வில்லியம் டிரேப்பர் நிலவைப் படம் பிடித்தார். 1880இல் அவருடைய மகன் ஹென்றி டிரேப்பர் ஒரையன் ஒளிமுகிலைப் படமாக்கினார். 1888இல் இங்கிலாந்தில் ஐசக் ராபர்ட்ஸ் எடுத்த படம், ஸூஃபீயின் சிறு மேகம் சுருள் வடிவினது எனக் காட்டிற்று. 1923 அக்டோபரில் கலிஃபோர்னியாவின் மவுண்ட் வில்சன் ஆய்வகத்தில், எட்வின் ஹபிள் எடுத்த தகட்டில், அதனுள்ளே ஒளி கூடிக் குறையும் விண்மீன் ஒன்று சிக்கியது. அதைக் கொண்டு தொலைவைக் கணித்தார். அது மேகமன்று; நம் பால்வெளிக்கு அப்பாலுள்ள மற்றொரு விண்மீன் மண்டலம்! இன்றைய கணக்கின்படி அதன் தொலைவு ஏறத்தாழ 25 லட்சம் ஒளியாண்டுகள்.

1995 டிசம்பரில் ஹபிள் விண்தொலைநோக்கி, வெறுமையாகத் தோன்றிய ஒரு சிறு வானத்துண்டைப் பத்து நாட்கள் படம் பிடித்தது. 342 படங்களை ஒன்றிணைத்தபோது அதனுள் ஏறத்தாழ 3,000 விண்மீன் மண்டலங்கள் தெரிந்தன. அறிவு பெருகினால் வியப்பு குறையும் என்போருக்கு இதுவே மறுமொழி.

அன்புச் சகோதரர்களே! ஸூஃபீ கண்ட அத்திட்டு, டிசம்பர், ஜனவரி மாதங்களில் இஷாவுக்குப் பின் நம் வடக்கு வானிலும் நிற்கின்றது. இருளான இடத்திலிருந்து பார்த்தால் வெறும் கண்ணுக்கே தெரியும். ஆயினும் பால்வெளியையேனும் ஒருமுறை கண்ட சிறார் நம் மஹல்லாவில் எத்தனை பேர்? வானைத் திரையிட்டு மறைப்பது நாம் ஏற்றிய வெளிச்சமே. அதில் நம் மினாராவின் அலங்கார விளக்குகளுக்கும் பங்குண்டு.

ஆகவே நிர்வாகத்தின் முன் ஒரு கோரிக்கையை வைக்கிறோம். பெருநாள் இரவுகள் நீங்கலாக, மற்ற நாட்களில் இஷாவுக்குப் பின் அவ்வலங்கார விளக்குகளை அணைத்து வைக்கலாம். வாசலிலும் ஹவுளருகிலும் பாதையிலும் விளக்குகள் எரியட்டும். அவற்றின் ஒளி கீழ்நோக்கி விழுமாறு மூடியிட்டால் போதும். விளக்குகளை அன்பளித்தோரின் நன்மை இதனால் குறையாது; வீண்விரயமும் தவிரும்.

மதரஸாப் பிள்ளைகளைப் பள்ளியின் மொட்டை மாடிக்கு அழைத்துச் செல்வோம். கைபேசியை முக்காலியில் பொருத்தி, விளக்கெரியும் ஓர் இரவிலும் அணைந்த ஓர் இரவிலும், ஒரே இடத்திலிருந்து வானைப் படமெடுக்கச் செய்வோம். அவ்விரு படங்களும் அடுத்த ஆண்டு மலரில் இடம்பெறட்டும்; ஜமாஅத்தார் ஒப்பிட்டுப் பார்த்து முடிவு செய்யட்டும்.

படைப்பைக் கண்டு படைத்தவனைப் போற்றும் பேற்றினை நமக்கும் நம் சந்ததியினருக்கும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக! ஆமீன்.