பேரப்பிள்ளையின் பயணப் பெட்டியும் ஒரு தடுப்பூசியும்



பேரனோ பேத்தியோ பிரிட்டனுக்குப் படிக்கப் போகிறார் என்றால் குளிர்ச்சட்டை வாங்குவோம், ஊறுகாயும் சாம்பார்ப் பொடியும் கட்டிக் கொடுப்போம். அதோடு ஒரு தடுப்பூசியையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மெனிஞ்சைட்டிஸ் என்பது மூளையைச் சுற்றியுள்ள உறையில் ஏற்படும் அழற்சி. மெனிங்கோகாக்கல் கிருமியால் வருவது மிகவும் ஆபத்தானது. ஏறத்தாழ பத்துப் பேரில் ஒருவரின் தொண்டையில் இக்கிருமி சத்தமில்லாமல் இருக்கும். இருமல், முத்தம், நெருங்கிப் பழகுதல் ஆகியவற்றால் பரவும். விடுதியில் புதிதாகச் சேரும் மாணவர்களுக்கு ஆபத்து கூடுதல். நோய் முற்றினால் ஒரே நாளில் உயிர் போகலாம். பிழைத்தாலும் சிலர் செவித்திறனையோ கை கால்களையோ இழக்கிறார்கள்.

ஹஜ், உம்ரா சென்றவர்கள் இந்த ஊசியை அறிவார்கள். ஏ, சி, டபிள்யு, ஒய் என்ற நான்கு வகைக் கிருமிகளைத் தடுக்கும் அதே ஊசிதான் இது.

வயது வந்தோருக்கான நமது தேசியத் தடுப்பூசி அட்டவணையில் இது இல்லை. ஆகவே பணம் கட்டுவதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்.

1. முன்பே போட்டாயிற்றா? தடுப்பூசிப் பதிவைப் பாருங்கள். ஐந்து ஆண்டுகளுக்குள் போட்டிருந்தால், மீண்டும் தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

2. பல்கலைக்கழகம் என்ன சொல்கிறது? சில அமெரிக்கக் கல்லூரிகள், ஊசி போட்ட சான்று இல்லாமல் விடுதியில் சேர்ப்பதில்லை. அனுமதிக் கடிதத்தைப் படித்துப் பாருங்கள்.

3. அங்கே இலவசமா? பிரிட்டனில் முதன்முறையாகப் பல்கலைக்கழகம் செல்லும் 25 வயதுக்குட்பட்டோர், வெளிநாட்டு மாணவர் உட்பட, குடும்ப மருத்துவரிடம் பதிந்து இலவசமாகப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் கல்லூரி தொடங்க இரண்டு வாரம் முன்பே போடுவது நல்லது. அங்கே போய்த்தான் போடுவது என்றால் முதல் வாரமே பதியச் சொல்லுங்கள்.

இங்கே போடுவதானால் இரண்டு மூன்று மருந்தகங்களுக்குத் தொலைபேசியில் அழைத்து, ஆலோசனைக் கட்டணத்தையும் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று கேளுங்கள். விலையைப் பார்த்து ஊசியையே விட்டுவிடாதீர்கள்.

இந்த ஊசி 'பி' வகைக் கிருமியைத் தடுக்காது. எனவே போட்ட பிறகும் கவனம் தேவை. காய்ச்சல், கடும் தலைவலி, கழுத்து இறுக்கம், வாந்தி, வெளிச்சம் கண்ணைக் கூசுதல் என்று பிள்ளை போனில் சொன்னால், "பனடால் போட்டுத் தூங்கு" என்று சொல்லிவிடாதீர்கள். உடனே அவசர உதவியை அழைக்கச் சொல்லுங்கள். கண்ணாடிக் குவளையால் அழுத்தியும் மறையாத தடிப்பு ஆபத்தின் அறிகுறி. நம் நிறத்தில் அது எளிதில் தெரியாது. உள்ளங்கை, உள்ளங்கால், கண் இமையின் உட்புறம் பார்க்கச் சொல்லுங்கள். தடிப்பு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.