ஊர்ப்பணமும் தாய்மொழிக் கணக்கும்



கரிசல் மண்ணின் இயல்பை ஓட்டப்பிடாரத்தார்க்கு எடுத்துரைக்க வேண்டுவதின்று. மழை பெய்தால் அது உப்பும். வெயில் காய்ந்தால் கால் நுழையும் அளவிற்கு வெடிக்கும். பருத்திக்கும் கம்புக்கும் தாயாக நிற்கும் அம்மண் சாலையைத் தாங்காது. அதன்மேல் நேரே சல்லியைக் கொட்டித் தார் பூசினால், ஓரிரு மழைக்காலத்துள் சாலை அலையலையாகிவிடும். ஆகலின், கரிசலில் இடும் சாலைக்கு அடியிற் சரளையும் மணலும் போதிய கனத்தில் இட்டு இறுக்குதல் வேண்டும். அவ்வடித்தளமோ வேலை முடிந்தபின் எவர் கண்ணுக்கும் புலப்படாது. மேற்பூச்சிற் களவாடுவோன் பேதை. அடித்தளத்திற் களவாடுவோனே தொழிலறிந்தவன்!

புலப்படாத அவ்வடித்தளத்தைக் காட்டுவன தாள்களே. வேலைக்கு முன் பொறியாளர் எழுதும் மதிப்பீடு. ஒப்பந்தக்காரர் கேட்ட தொகையைக் கூறும் ஒப்பந்தப்புள்ளி. வேலை நடக்குங்கால் நீளமும் அகலமும் கனமும் அளந்து பதியப்பெறும் அளவுப் புத்தகம். மக்கள் பேசுவதெல்லாம் ஒப்பந்தப்புள்ளியைப் பற்றியே. எவர்க்குக் கிடைத்தது, எத்தனை இலக்கத்திற்குக் கிடைத்தது என்பதோடு பேச்சு முடிந்துவிடுகின்றது. ஆனால், பணம் வழங்கப்பெறுவதோ அளவுப் புத்தகத்தை வைத்து! அரையடி இட்டதாக எழுதிக் காலடி இட்டிருப்பின், குறைந்த தொகைக்கு எடுத்தவரும் கொள்ளையரே ஆவார்.

சட்டம் இல்லாமலில்லை. செய்தி அறியும் உரிமைக்கு இந்திய மாநிலங்களுள் முதன்முதலிற் சட்டம் இயற்றியது தமிழ்நாடு, ஆண்டு 1997. அடுத்த ஆண்டே, 1998இல், ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைக்கெனத் தனிச்சட்டமும் இயற்றப்பெற்றது. 2005ஆம் ஆண்டு நடுவணரசின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது. ஆவணத்தைப் பார்வையிடலாம், படி பெறலாம் என்பதோடு அச்சட்டம் நிற்கவில்லை; நடக்கும் வேலையைப் பார்வையிடவும், பயன்படுத்திய பொருளிற் சான்றளித்த பதக்கூறு பெறவும் உரிமை தந்துள்ளது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்னும் நம் பாட்டிமார் அறிவு சட்டமாகியுள்ளது என்க!

அங்ஙனமாயின், கதவு திறந்துதானே உள்ளது என்பீர். திறந்த கதவுக்குப் பின்னால் ஒரு சுவர் நிற்கின்றது. அஃது ஆங்கிலம். ஒப்பந்தப்புள்ளி ஆவணங்களும் அவற்றின் விதிமுறைகளும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே அமைந்துள்ளன. இணையத்தில் ஏற்றப்பெற்றாலும் அவ்வாறே. தமிழை ஆட்சிமொழியாக்கிய சட்டம் 1956இலேயே வந்துவிட்டது. 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4ஆம் பிரிவும், செய்திகளைப் பரப்புங்கால் அவ்வவ்விடத்து மொழியைக் கருத்திற் கொள்ளவேண்டும் என்கின்றது. வரி கட்டும் உழவன் படிக்கவியலாத மொழியிற் கணக்கை விரித்து வைப்பதும், அதனைப் பெட்டியிற் பூட்டி வைப்பதும் அவனளவில் ஒன்றே.

கணக்குக் கேட்கும் வழக்கம் மேலைநாட்டார் கற்றுத்தந்ததன்று. காஞ்சிபுரத்தை அடுத்த உத்திரமேரூரில் முதற் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் உள. ஆண்டு 919, 921. ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் எனப் பிரிந்து ஊர்ப்பணி செய்த அவ்வூரார், வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடவோலையில் இடலாகாது என விதித்தனர். அவனை மட்டுமா? அவன் தந்தை, மகன், மாமனார், மருமகன், உடன்பிறந்தாள் கணவன் என உறவினரையும் விலக்கினர். இன்று ஒப்பந்தம் மைத்துனன் பெயரில் எடுக்கப்படுவதைக் காண்போர்க்கு அவ்வூரார் எத்துணை உலகறிந்தவர் என்பது விளங்கும். அவ்வவை பார்ப்பனர் அவை. நிலமும் மறைக்கல்வியும் உடையார்க்கே அதில் இடம். ஏர் பிடித்தவனும் பெண்டிரும் புறத்தே நின்றனர். அக்குறையை மறைத்துப் பெருமை பேசுதல் நேர்மையன்று. குறை நீக்கிக் கொள்ளத்தக்கது, கணக்குக் காட்டாதவன் மீண்டும் வரலாகாது என்னும் நெறி.

அக்கணக்கை ஊரார் செவிகேட்கப் படித்தால் என்ன நேரும் என்பதை இராசத்தான் மக்கள் காட்டினர். சென்னையிற் பிறந்த அருணா ராயும் தோழர்களும் 1990இல் அமைத்த உழைப்பாளர் உழவர் அமைப்பு, 1994 திசம்பரில் கோட் கிரானா என்னும் சிற்றூரில் மக்கள் மன்றம் கூட்டிற்று. வேலைப்பதிவேடுகள் மக்கள் முன் உரக்கப் படிக்கப்பெற்றன. தொடர்ந்து பல ஊர்களில் நடந்த இத்தகைய மன்றங்களில், இறந்தவர் கூலி வாங்கியதும் ஊரிலில்லாதார் மண் சுமந்ததும் வெளிவந்தன. படிப்பறியாத பெண்டிர் எழுந்து அலுவலரை வினவினர். எழுத்தறியாமை தடையாகவில்லை, காதில் விழுந்தது அவர்க்கு விளங்கும் மொழியாக இருந்தமையே அதற்கு ஏது.

1872இல் இதே ஓட்டப்பிடாரத்திற் பிறந்த வ. உ. சிதம்பரனார், 1906இற் கப்பற்குழுமம் தொடங்கியபோது, பங்கொன்றின் விலை 25 உருபா. முதல் 10 இலக்கம். 25 உருபா இட்டவனும் பங்காளி. ஊராட்சிக்கு வீட்டுவரி கட்டுவோனும் அத்தகைய பங்காளியே. அவன் கேட்பது பிச்சையன்று.

கேட்கும் வழி எளிது. தமிழில் எழுதிய வேண்டுகோள், 10 உருபா வழக்குமன்ற வில்லை, 30 நாள் காத்திருப்பு. சாலையின் மதிப்பீடும் அளவுப் புத்தகத்தின் படியும் கேட்கலாம். சனவரி 26, மே 1, ஆகத்து 15, அத்தோபர் 2 முதலிய நாள்களில் ஊரவை கூடுகின்றது. ஊர்க்கணக்கின் தணிக்கை அறிக்கைக்கு ஒப்புதல் தரும் உரிமை 1994ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டப்படி அவ்வவைக்கு உண்டு. வருகைப் பதிவேட்டிற் கையொப்பமிட்டு உடனே வீடு திரும்பாமல், "சரளை எத்துணைக் கனம் இட்டீர்? அளவுப் புத்தகத்தைத் தமிழிற் படித்துக் காட்டுக" என ஒருவர் எழுந்து கேட்கட்டும்; மற்றவர் அமர்ந்து விடை கேட்கட்டும்.