கைக்கெட்டும் தூரத்தில் பணம்



நிச்சயமின்மை சேமிப்பை எப்படி மாற்றுகிறது என்று ஆராயக் கூடியிருக்கிறோம். 2022ஐ இலங்கையில் கடந்து வந்தவர்களுக்கு நிச்சயமின்மை என்னவென்று யாரும் விளக்கத் தேவையில்லை. அந்த மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த டொலர், மே மாதத்தில் 360ஐத் தொட்டது. இடையில், ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடனைச் செலுத்துவதை அரசு நிறுத்திவைத்தது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 சதவீதம், உணவுக்கு மட்டும் 94.9.

அப்போது வங்கிகள் நிலையான வைப்புக்கு 20 சதவீதத்துக்கு மேல் வட்டி கொடுத்தன. சனம் காசைக் கொண்டுபோய்ப் போட்டது. விலைவாசி எழுபது ஏறும்போது இருபதுக்கு மகிழ்கிறார்களே, பாமரர்கள் என்று பொருளியல் படித்த பலர் சிரித்தார்கள். ஒரு வருடம் கழித்து, 2023 செப்டெம்பரில், அதே சுட்டெண் காட்டிய பணவீக்கம் 1.3 சதவீதம். அந்தப் பாமரர்களுக்கு நல்ல இலாபம். பயந்து 360க்கு டொலர் வாங்கிப் பூட்டி வைத்தவருக்கு நட்டம். 69.8 என்பது கழிந்த வருடத்தின் கணக்கு. வரப்போகும் வருடத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. கணக்கிடக்கூடிய இடர் வேறு, கணக்குக்குள் அடங்காத நிச்சயமின்மை வேறு என்று பொருளியலாளர் பிராங்க் நைட் 1921இலேயே எழுதிவைத்தார். இரண்டாவது வகைக்குள் அகப்பட்டவரை அறிவாளி, அறிவிலி என்று பிரிப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

சரி, எதை வைத்து அவர்கள் முடிவெடுத்தார்கள்? வருமானத்தைவிட, வேண்டிய நேரத்தில் கைக்கு வருமா என்பதே முதற் கேள்வியாக இருந்தது என்று நினைக்கிறேன். 2020இல் வாகன இறக்குமதி நின்றபின் பழைய காரே ஒரு முதலீடாகிப் போனதற்கு, அதை வேண்டியபோது விற்றுக் காசாக்கலாம் என்பதும் ஒரு காரணம். ஓட ஓட விலை ஏறிய கார்களை நாம் பார்த்தோம். இது எந்தப் பாடநூலிலும் இருக்காது.

நகையும் அப்படித்தான். யாழ்ப்பாணத்தில் ஏதாவதொரு வங்கியின் அடகுப் பிரிவில் ஒரு காலை நின்று பாருங்கள். பழைய அடகுத் துண்டோடு ஓர் அம்மா வருவார். நகையை மீட்க அல்ல. பவுண் விலை ஏறியிருப்பதால் அதே சங்கிலிக்கு இன்று கூடுதலாகக் கொடுப்பார்கள். பழைய கடனையும் வட்டியையும் கழித்துக்கொண்டு மிச்சத்தை எண்ணி வாங்குவார், புதுத் துண்டை மடித்துக் கைப்பைக்குள் வைப்பார். சங்கிலி மறுபடியும் வங்கிப் பெட்டகத்துக்கே போய்விடும். இதை முடங்கிய மூலதனம் என்று எழுதும் ஆய்வாளர்களை என்ன செய்வது!

நகையில் சேமிக்கும் இந்தப் பழக்கம் 2022இல் பிறந்ததல்ல. 1995 ஒக்டோபரில் போரால் வலிகாமம் இடம்பெயர்ந்தபோது வீடும் காணியும் பின்னால் நின்றன. கழுத்திலும் கையிலும் கிடந்தது கூட வந்தது. பங்குச் சந்தையின் மோசமான காலங்களை அனுபவித்தவர்கள் பின்னாளிலும் பங்கு வாங்கத் தயங்குகிறார்கள் என்று பொருளியலாளர்கள் மால்மெண்டியரும் நாகெலும் அமெரிக்கக் குடும்பங்களை வைத்து 2011இல் காட்டினார்கள். எங்கள் தலைமுறைக்கு அந்தத் தயக்கம் காணியிலும் காகிதச் சொத்துகளிலும் உண்டு.

காகிதத்தின் மீதான ஐயத்தை 2023 மேலும் வளர்த்தது. உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்புக்காக யூன் இறுதியில் வங்கிகள் ஐந்து நாள் மூடிக் கிடந்தன. வைப்புகளைத் தொடவில்லை. ஊழியர் சேமலாப நிதியத்தின் பிணைமுறிகளைத்தான் குறைந்த வட்டிக்கு மாற்றினார்கள். உரியவர் நினைத்தவுடன் எடுக்க முடியாத பணத்தில்தான் கை வைக்கப்பட்டது. தொழிலாளி இதைக் கவனித்திருக்க மாட்டாரா?

ஆய்வு மாணவர்களிடம் ஒன்று கேட்கிறேன். எவ்வளவு சேமிக்கிறீர்கள் என்று கேட்கும் வினாக்கொத்து நம்மிடம் நிறைய இருக்கிறது. அந்தச் சேமிப்பை எத்தனை நாளில் காசாக்கலாம், அதற்கு யாரைக் கேட்க வேண்டும் என்றும் கேளுங்கள். குடும்பத் தலைவரோடு நிறுத்திக்கொள்ளவும் வேண்டாம். அலுமாரிச் சாவி யாரிடம் இருக்கிறதோ அவரிடம் போங்கள். சீட்டுக் காசின் கணக்கும் பெரும்பாலும் அவரிடமே இருக்கும்.

முதல் அமர்வுக் கட்டுரையாளர்கள் மேடைக்கு வரலாம். வாசிப்பைச் சுருக்கிக் கேள்விகளுக்கு நேரம் விடுங்கள். வங்கி நண்பர்கள் நிறையக் கேட்பார்கள்.