விமானம் பறக்கட்டும், எங்க கழனி மேல இறங்க வேண்டாம்!

(விவசாயிகள் கூட்டத்தில் சங்கச் செயலாளர் பேசியது)



திருத்தணிக்காரங்களுக்கு விமானம் புதுசு இல்ல. பக்கத்துல அரக்கோணத்துல 1992-லிருந்து ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படைத் தளம் இருக்கு. அந்தச் சத்தத்துக்குக் கீழதான் நாத்து நடுறோம், கரும்பு வெட்டுறோம். நாம் விமானத்துக்கு எதிரி இல்லை. யாருடைய நிலத்தில், யாருடைய லாபத்துக்கு என்றுதான் கேட்கிறோம்.

காஞ்சிபுரம் பக்கம் பரந்தூரைப் பாருங்கள். 2022 ஆகஸ்டில் சென்னையின் இரண்டாவது விமான நிலையம் அங்கே என்று அறிவித்தார்கள். 13 கிராமங்கள், 5,700 ஏக்கருக்கு மேல். அதில் 3,700 ஏக்கருக்கு மேல் பட்டா நிலம். மீதியில் ஏரியும் குளமும் உண்டு. பாலாற்றுத் தண்ணீரை ஏரி ஏரியாக நிரப்பிக்கொண்டு ஸ்ரீபெரும்புதூர் வரை போகிற கம்பன் கால்வாயும் அந்த இடத்துக்குள் மாட்டிக்கொண்டது. கால்வாயை அடைத்தால் கீழே இருக்கிற ஏரிக்கு யார் தண்ணி விடுவா?

ஏகனாபுரம் மக்கள் பகலில் வேலை, சாயங்காலம் போராட்டம் என்று உட்கார்ந்தார்கள். கிராம சபையில் திரும்பத் திரும்பத் தீர்மானம் போட்டார்கள். 2024 நாடாளுமன்றத் தேர்தலைப் புறக்கணித்தார்கள். ஆனாலும் 2025 ஜூலையில் நிலப் பதிவு தொடங்கியது.

எப்படி முடிஞ்சுது? சட்டத்தில் ஓட்டை இருக்கு. 2013 மத்தியச் சட்டப்படி, அரசும் தனியாரும் கூட்டாகச் செய்யும் திட்டம் என்றால் 70 சதவீத நில உரிமையாளர் சம்மதிக்க வேண்டும். சமூகத் தாக்க ஆய்வும் வேண்டும். தமிழ்நாட்டின் 1997 தொழில் நோக்கச் சட்டத்தில் இந்த இரண்டுமே இல்லை. அந்தச் சட்டம் செல்லும் என்று 2021-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. பரந்தூரில் நிலம் எடுப்பது அந்தச் சட்டத்தில்தான்.

விமான நிலையத்தில் லாபம் டிக்கெட்டில் மட்டும் இல்லை தோழர்களே. கடை, ஓட்டல், கார் நிறுத்தம், அலுவலகக் கட்டடம், எல்லாம் நிலத்து மேலதான் நிக்குது. டெல்லி விமான நிலைய நிலம் 2006-ல் தனியாருக்குப் போனது. ஆண்டு வாடகை 100 ரூபாய்! அதில் வணிகத்துக்கு விட்ட சுமார் 240 ஏக்கரிலிருந்து 58 ஆண்டுகளில் 1,63,557 கோடி ரூபாய் வருமானம் வரலாம் என்று 2012-ல் மத்திய தணிக்கைத் துறை கணக்குப் போட்டது. நிறுவனம் அதை மறுத்தது. இருக்கட்டும். நூறு ரூபாய்க்கு நமக்கு ஒரு சென்ட் நிலம் யாராவது குத்தகைக்குத் தருவானா?

போராடினா என்ன கிடைக்கும்னு கேக்குறீங்க. பெங்களூரு விமான நிலையத்தை ஒட்டிய தேவனஹள்ளியிலும் 13 கிராமங்கள்தான். விமான உதிரிபாகத் தொழிற்பூங்காவுக்கு 1,777 ஏக்கர் கேட்டார்கள். மூன்று வருஷத்துக்கு மேல் மக்கள் விடாமல் உட்கார்ந்தார்கள். 2025 ஜூலை 15 அன்று கர்நாடக முதலமைச்சர் சித்தராமையா நிலம் எடுப்பதைக் கைவிடுவதாக அறிவித்தார். விருப்பப்பட்டவர் மட்டும் தரலாம் என்றார்.

ஊத்துக்கோட்டை பக்கம் தச்சூர்–சித்தூர் ஆறுவழிச் சாலைக்குக் கல் நட்டதைப் பார்த்தோம். நாளைக்கு நம்ம கழனியிலும் கல் நடலாம். அதுக்கு முன்னாடி செய்ய வேண்டியது:

1. தாத்தா பேரில் கிடக்கும் பட்டாவை உங்கள் பேருக்கு மாற்றுங்கள். அடங்கலில் பயிரைச் சரியாக எழுத வையுங்கள்.

2. குத்தகைதாரர்கள் குத்தகையைப் பதிவு செய்யுங்கள். பதிவு இல்லாதவனை எந்த நஷ்டஈட்டுக் கணக்கிலும் தேட மாட்டார்கள்.

3. அதிகாரி வந்தால் தனியாகக் கையெழுத்துப் போடாதீர்கள். சங்கத்தைக் கூப்பிடுங்கள்.

4. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராம சபைகளுக்குத் தவறாமல் வந்து, விளைநிலம் தரமாட்டோம் என்று தீர்மானம் எழுத வையுங்கள்.

அரசுக்கு நம் கோரிக்கை ஒன்றுதான்: 1997 சட்டத்தைத் திரும்பப் பெறு! சம்மதம் இல்லாமல் ஒரு சென்ட் கூட எடுக்காதே!

ஏரியைக் காப்போம்! கழனியைக் காப்போம்! ஒன்றுபடுவோம், வெல்வோம்!