வேகமாகச் சுற்றும் சின்ன எஞ்சின் நீடித்து உழைக்க



தை பிறந்துவிட்டால் மரக்காணம் கடற்கரையில் எல்லாருக்கும் தண்ணீர் வேலைதான். உப்பளத்தில் பாத்திக்கு உப்பு நீர் ஏற்றணும். மேட்டு நிலத்தில் மல்லாட்டைக்கும் தர்பூசணிக்கும் நல்ல தண்ணீர் பாய்ச்சணும். கரண்ட் கம்பி எட்டாத இடத்தில் இதற்கெல்லாம் கைகொடுப்பது சின்னப் பெட்ரோல் எஞ்சின் பம்பு. பம்போடு சேர்த்து 25 கிலோ பக்கம்தான் இருக்கும். சைக்கிள் கேரியரில்கூட வைத்துக் கட்டிக்கொண்டு போகலாம். ஆனால் இதை வாங்கியவர்கள் பலரும் ஒரே குறையைத்தான் சொல்கிறார்கள். "நல்லாத்தாங்க ஓடிச்சு, ரெண்டு பருவத்திலே கைவிட்டுடுச்சு. எங்க அப்பா காலத்து லிஸ்டர் எஞ்சின் இன்னும் ஓடுதே!" என்கிறார்கள். அப்படியானால் புது எஞ்சின் மட்டமா? இல்லை. இரண்டும் இரண்டு விதமான பிறவி. அதன் குணம் தெரிந்து வேலை வாங்கினால் இதுவும் நீடித்து உழைக்கும். இதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறோம்.

எஞ்சினுக்குச் சக்தி எங்கேயிருந்து வருகிறது? கிணற்றில் இறைப்பதை நினைத்துப் பாருங்கள். பெரிய சாலில் நிதானமாக இறைக்கலாம், சின்ன வாளியில் விரைவு விரைவாகவும் இறைக்கலாம். ஒரு மணி நேரத்தில் மேலே வரும் தண்ணீர் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கலாம். ஆனால் சின்ன வாளிக்காரருக்குக் கை எத்தனை தடவை போய்வர வேண்டியிருக்கு! எஞ்சினிலும் கணக்கு இதுதான்.

லிஸ்டர் மாதிரி டீசல் எஞ்சின் சுமார் 1930-இல் இங்கிலாந்தில் வந்தது. பிறகு ராஜ்கோட்டில் அதே மாதிரியில் செய்து நாடெங்கும் விற்றார்கள். அதன் ஒற்றைச் சிலிண்டர் ஏறக்குறைய 1,430 சிசி. நிமிடத்துக்கு 650 சுற்று, 6 குதிரைச் சக்தி, எடை 300 கிலோவுக்கு மேல். நம்முடைய சின்னப் பெட்ரோல் எஞ்சினோ 160 சிசிதான். அதில் ஒன்பதில் ஒரு பங்கு சிலிண்டரை வைத்துக்கொண்டு 5 குதிரைச் சக்தி வரைக்கும் கொடுக்கிறது. எப்படி? நிமிடத்துக்கு 3,600 சுற்று சுற்றுவதால்தான்.

இதன் உச்சம் பார்க்கணும் என்றால் பந்தய நாலு சக்கர வண்டியைச் சொல்லலாம். மணலில் பாயும் அந்த வண்டியைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். 450 சிசி, அதுவும் ஒற்றைச் சிலிண்டர்தான். நிமிடத்துக்கு 9,000 சுற்று அளவில் சுற்றி 40 குதிரைச் சக்தி பக்கம் கொடுக்கிறது. லிஸ்டரின் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத சிலிண்டரிலிருந்து ஆறு மடங்குக்கு மேல் சக்தி! ஆனால் அதை வைத்திருப்பவர் சில பந்தயத்துக்கு ஒரு தடவை ஆயில் மாற்றுகிறார். ஓட்டம் முடியும்போதெல்லாம் காற்று வடிகட்டியைக் கழுவுகிறார். பிஸ்டனையும் வால்வையும் ஓடிய மணிக் கணக்கு வைத்துப் பார்க்கிறார். வேகத்தினால் கிடைக்கும் சக்தி கடன் வாங்கிய சக்தி மாதிரி. பராமரிப்பு என்கிற வட்டியைக் கட்டிக்கொண்டே இருக்கணும். வட்டி நின்றால் அசலே முழுகிப்போகும்.

வேகம் எஞ்சினை என்ன செய்கிறது? ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டன் இரண்டு தடவை நின்று திரும்புது. 650 சுற்றில் வினாடிக்கு ஏறக்குறைய 22 தடவை. 3,600 சுற்றில் வினாடிக்கு 120 தடவை! திரும்பும் ஒவ்வொரு தடவையும் இணைப்புத் தண்டு, அதாவது மெக்கானிக் 'கனெக்டிங் ராடு' என்று சொல்வது, இழுபடுது. இந்த இழுப்பு சுற்று கூடுகிற அளவுக்குக் கூடுவதில்லை, அதன் வர்க்கமாகக் கூடும். 3,000 சுற்றிலிருந்து 3,600-க்குப் போனால் வேகம் ஐந்தில் ஒரு பங்குதான் கூடுது. இழுப்பு நூற்றுக்கு 44 பங்கு கூடிவிடுது.

இன்னொரு கணக்கும் பாருங்கள். சின்ன எஞ்சின் 100 மணி நேரத்தில் சுற்றும் சுற்றை லிஸ்டர் சுற்றி முடிக்க ஏறக்குறைய 550 மணி நேரம் ஆகும். "வாங்கி ரெண்டு வருஷம்தானே ஆச்சு" என்று காலண்டரைப் பார்த்துச் சொல்லக் கூடாது. எஞ்சினின் வயதை ஓடிய மணியில்தான் எண்ணணும்.

அதனால் முதல் யோசனை இது. எஞ்சினில் எழுதியிருக்கும் குதிரைச் சக்தி முழுதையும் நாள் முழுக்க வாங்காதீர்கள். அது உச்சத்தில் கிடைக்கும் அளவு. தொடர்ந்து ஓட்டுவதற்கு முக்கால் பங்குக்குள் வைத்துக்கொள்ளுங்கள். பம்பில் இதனால் ஒரு லாபமும் இருக்கு. தூக்கு உயரம் குறைந்த இடத்தில், குட்டையிலிருந்தோ வாய்க்காலிலிருந்தோ இறைக்கும்போது, 3,600-லிருந்து 3,000 சுற்றுக்கு இறக்கிப் பாருங்கள். தண்ணீர் ஆறில் ஒரு பங்குதான் குறையும். ஆனால் பம்பு கேட்கும் சக்தி நூற்றுக்கு 58 ஆகிவிடும். ஐந்து மணி நேர வேலை ஆறு மணி நேரம் ஆகலாம். ஆனாலும் மொத்தப் பெட்ரோல் செலவு குறையும், எஞ்சினும் மூச்சுவிட்டு ஓடும். ஆழக் கிணற்றில் மட்டும் கவனம் வேணும். அங்கே வேகத்தை ரொம்ப இறக்கினால் தண்ணீர் மேலேயே ஏறாது. குழாய் வாயில் வரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள்.

தண்ணீர் போதவில்லை என்று கவர்னர் ஸ்பிரிங்கை இழுத்துக் கட்டச் சொல்லி மெக்கானிக்கிடம் கேட்பவர்கள் உண்டு. தயவுசெய்து அந்த வேலை வேண்டாம். எஞ்சின் எல்லை மீறிச் சுற்றாமல் பிடித்து வைப்பது கவர்னர்தான். அதை ஏமாற்றினால் ஒருநாள் இணைப்புத் தண்டு முறிந்து எஞ்சின் உடலையே உடைத்துக்கொண்டு வெளியே வரும். தண்ணீர் போதாவிட்டால் ஒரு அளவு பெரிய பம்புசெட்டாக வாங்குவதுதான் வழி.

அடுத்தது ஆயில். இந்த எஞ்சினுக்குள் இருப்பது அரை லிட்டரைவிடக் கொஞ்சம் அதிகமான ஆயில்தான். உள்ளே ஒரு சின்னக் கரண்டி அதை வாரி அடிக்குது, அதில்தான் எல்லாப் பாகமும் நனையுது. எஞ்சின் வரப்பில் சாய்ந்து உட்கார்ந்தால் கரண்டிக்கு ஆயில் எட்டாது. அதனால் அடியில் பலகை போட்டு மட்டமாக வையுங்கள். தினமும் ஓட்டுவதற்கு முன்னால் ஆயில் அளவு பாருங்கள். புது எஞ்சினுக்கு முதல் 20 மணி நேரத்தில் ஆயில் மாற்றணும். பிறகு 100 மணிக்கு ஒரு தடவை. நம்ம ஊர்ப் புழுதிக்கும் வெயிலுக்கும் 50 மணிக்கு ஒரு தடவை மாற்றினால் இன்னும் நல்லது. அரை லிட்டர் ஆயிலுக்குப் பார்த்தால் பிஸ்டன், போர் வேலைக்கு அதைப்போலப் பல மடங்கு எடுத்து வைக்க வேண்டியிருக்கும்.

காற்று வடிகட்டியைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓட்டுவது எஞ்சினுக்கு மணலைச் சோறாகப் போடுவதற்குச் சமம். ஸ்பாஞ்சைச் சோப்புத் தண்ணீரில் அலசி, நிழலில் காயவைத்து, சில சொட்டு எஞ்சின் ஆயில் விட்டுப் பிழிந்து மாட்டுங்கள். காகித வடிகட்டியைக் கழுவக் கூடாது, தட்டிச் சுத்தம் செய்யணும். கிழிந்தால் மாற்றணும்.

இனி நம்ம கடற்கரைக்கே உரிய எதிரி, உப்பு. உப்புக் காற்று எஞ்சினின் குளிர்விப்புத் தகடுகளுக்கு நடுவில் படிந்து, அதன்மேல் தூசு ஒட்டி அடையாகிவிடும். சூடு வெளியேற வழியில்லாமல் எஞ்சின் காய்ந்துபோகும். வாரம் ஒருமுறை, எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடையுங்கள். தகட்டுச் சந்தைப் பழைய பிரஷ்ஷால் தேய்த்துவிடுங்கள். சூடான எஞ்சின்மேல் தண்ணீர் ஊற்றவே கூடாது.

உப்பளத்தில் இன்னொரு சங்கதி இருக்கு. உப்பு நீர் கனமானது. கடல் நீர் 3 டிகிரி என்றால் நல்ல தண்ணீரைவிட நூற்றுக்கு 2 பங்குதான் கனம் அதிகம். 10 டிகிரி நீர் 7 பங்கு அதிகம். உப்பு விளையும் 25 டிகிரி நீர் 20 பங்கு அதிகம். அதே உயரத்துக்கு அதே அளவு ஏற்ற எஞ்சின் அந்த அளவுக்குக் கூடுதலாக உழைக்கணும். நல்ல தண்ணீருக்குச் சரியாக இருந்த எஞ்சின் கெட்டி நீரில் திணறுவது இதனால்தான். அலுமினிய உடல் பம்பை உப்பு நீர் அரித்துவிடும். உப்பு நீருக்கென்று பிளாஸ்டிக் உடல் பம்பு கிடைக்கிறது, அதை வாங்குங்கள். எந்தப் பம்பானாலும் வேலை முடிந்ததும் சில நிமிடம் நல்ல தண்ணீரை இழுக்கவிட்டு நிறுத்துங்கள். இல்லாவிட்டால் உள்ளே உப்புப் பூத்து மறுநாள் விசிறி இறுகிப்போகும். தண்ணீர் இல்லாமல் பம்பை ஓடவிட்டால் சில நிமிடத்தில் சீல் கருகிவிடும்.

வேகத்துக்கு எஞ்சின் மட்டும் விலை கொடுப்பதில்லை, கிணறும் கொடுக்குது. கடற்கரை நிலத்துக்கு அடியில் நல்ல தண்ணீர் உப்பு நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால், அதற்குக் கீழே சுமார் 40 அடி நல்ல தண்ணீர் இருக்கும் என்பது கணக்கு. மேலே ஒரு அடி இறங்கினால் கீழிருந்து உப்பு நீர் அந்த வீதத்தில் மேலே ஏறப் பார்க்கும். வேகமான எஞ்சினை வைத்துக் கிணற்றை ஒரே மூச்சில் வற்ற இறைத்தால், உப்பு கிணற்றுக்கு வந்துவிடும். எஞ்சின் கெட்டால் வேறு வாங்கலாம். கிணறு உப்பாகிவிட்டால் அதற்குப் பிறகு மல்லாட்டை ஏது, தர்பூசணி ஏது? அதனால் மெதுவாக இறையுங்கள். இடைவெளி விட்டு இறையுங்கள். தண்ணீரைப் பருவத்துக்கு ஒரு தடவையாவது மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து உப்பின் அளவு பாருங்கள்.

ஐப்பசி மழை தொடங்கி உப்பளம் ஓய்ந்ததும் எஞ்சினுக்கும் ஓய்வு கொடுக்கணும். சும்மா மூலையில் போட்டால் போதாது. இப்போது பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் நூற்றுக்கு 20 பங்கு வரை எத்தனால் கலந்திருக்கு. அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டேங்கிலும் கார்புரேட்டர் கிண்ணத்திலும் மாதக் கணக்கில் நின்றால் துருவும் அடைப்பும்தான் மிச்சம். இரண்டையும் வடித்துவிடுங்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு, கயிற்றை இரண்டு தடவை மெதுவாக இழுத்து, பிளக்கை மாட்டிவிடுங்கள். தரையில் வைக்காமல் மேடான இடத்தில் மூடி வையுங்கள்.

2024 நவம்பர் 30-ந் தேதி புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயல் விழுப்புரம் மாவட்டத்தை என்ன பாடுபடுத்தியது என்று நமக்குத் தெரியும். எஞ்சின் வெள்ளத்தில் மூழ்கினால், ஓடுதா என்று பார்க்க உடனே கயிற்றை இழுக்காதீர்கள். சிலிண்டரில் தண்ணீர் நின்றால் பிஸ்டன் அதை அழுத்த முடியாமல் தண்டு வளைந்துவிடும். முதலில் பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வடியுங்கள். ஆயிலையும் பெட்ரோலையும் முழுக்க மாற்றுங்கள். உப்பு நீராக இருந்தால் வெளிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் அலசி, அன்றைக்கே மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள். தள்ளிப்போடும் ஒவ்வொரு நாளும் துரு ஏறும்.

பெருமக்களே, வீட்டில் ஒரு சின்ன நோட்டு வையுங்கள். தினமும் எஞ்சின் எத்தனை மணி ஓடியது, எந்தத் தேதியில் ஆயில் மாற்றினோம் என்று பிள்ளைகளை விட்டு எழுதச் சொல்லுங்கள். பால் கணக்கு எழுதுவதைப்போல ஒரு வரிதான். அந்த ஒரு வரி இருந்தால், வெயில் நாளில் தர்பூசணி காய் பிடிக்கிற சமயத்தில் எஞ்சின் நடுவழியில் நின்று தவிக்கவிடாது.